ஓசையற்ற கொள்ளை: வங்கிக் கொள்ளைத் திரைப்படமும் கண்டி மலைநாட்டின் 1884ஆம் ஆண்டும்

தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல் இரு பொருள்களில் வழங்குகின்றது. கையிற் புரளும் காசும் நாணயம்; சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். ஒரே சொல் இவ்விரண்டையும் குறிப்பது தற்செயலன்று. காசு என்பது அதனை வெளியிட்டவர் மீது மற்றவர் வைத்த நம்பிக்கையின் வடிவமேயாகும். அந்நம்பிக்கை கெட்டால் காசு வெறும் உலோகமாகும். நோட்டு வெறுங் காகிதமாகும். 2010ஆம் ஆண்டில் சக்தி சௌந்தர் ராஜனின் நெறியாள்கையில் வெளிவந்த தமிழ்த் திரைப்படமொன்று ‘நாணயம்’ என்றே பெயர் பெற்றது. அது ஒரு வங்கிக் கொள்ளைக் கதை. வங்கியின் காப்பறையை வடிவமைத்த இளைஞனே அதனைத் திறந்து கொடுக்குமாறு நெருக்கப்படுகின்றான். எனவே அங்குச் சோதனைக்குள்ளாவது பூட்டின் வலிமை மாத்திரமன்று. அப்பூட்டைச் செய்தவனின் நேர்மையுமாகும். படத்தின் தலைப்பு அதன் கருவை ஒரு சொல்லிற் கூறிவிடுகின்றது.

வங்கிக் கொள்ளைத் திரைப்படங்களுள் ஆரவாரமின்றி மனிதரின் குணவியல்பை முதன்மைப்படுத்தும் ஒரு பிரிவு உண்டு. அப்பிரிவு எழுப்பும் வினாவைத் துணைக்கொண்டு கண்டி மலைநாட்டின் பொருளாதார வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். திரைக்கலையையும் பெருந்தோட்ட வரலாற்றையும் ஒருங்கே வைத்து நோக்குவது சிலருக்குப் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆயின் இரண்டும் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: நம்பிக்கை முறியும்போது அதன் விலையைக் கொடுப்பவர் யார்?

1. திரையில் இருவகைக் கொள்ளை

திரைப்படம் பிறந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே கொள்ளை அதன் விருப்பத்திற்குரிய பொருளாகிவிட்டது. 1903இல் எட்வின் போர்ட்டர் அமெரிக்காவில் எடுத்த புகையிரதக் கொள்ளைப் படம் இதற்குச் சான்று. துப்பாக்கி, குதிரை, துரத்தல் என்னும் மூன்றும் அன்று முதல் இன்று வரை இவ்வகைப் படங்களின் பொது உடைமைகளாக இருந்து வருகின்றன. இவற்றிலே பணம் ஒரு பொதி மட்டுமே. அது யாருடையது, எவ்வாறு சேர்ந்தது என்ற கேள்விகள் எழுவதில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மற்றொரு போக்கு உருவாயிற்று. 1951இல் பிரித்தானியாவில் சார்ள்ஸ் கிரைற்றன் நெறிப்படுத்திய ‘தி லாவெண்டர் ஹில் மொப்’ படத்தில் கொள்ளைக்காரன் ஒரு வங்கி எழுதுவினைஞன். தங்கப் பாளங்கள் ஏற்றிச் செல்லும் வண்டியை ஆண்டுக் கணக்காக ஐயத்துக்கிடமின்றிக் காவல் காத்து வந்தவன் அவன். அலெக் கின்னஸ் ஏற்ற இப்பாத்திரத்தின் ஆயுதம் துப்பாக்கியன்று, இருபதாண்டு நற்பெயராகும். 1955இல் பிரான்சில் வெளிவந்த ‘ரிஃபிஃபி’ நகைக்கடைக் கொள்ளை பற்றியது. அமெரிக்காவிற் கறுப்புப் பட்டியலில் இடப்பட்டு நாடு நீங்கிய ஜூல்ஸ் டசின் அதனை நெறிப்படுத்தினார். அதில் ஏறத்தாழ அரை மணி நேரம் உரையாடலும் இல்லை, இசையும் இல்லை. மனிதர் தம் தொழிலைச் செய்யும் ஓசை மாத்திரமே கேட்கின்றது. கொள்ளையும் ஓர் உழைப்பே என்பதைப் பார்வையாளன் தன் மூச்சை அடக்கிக்கொண்டு உணர்கின்றான்.

இப்போக்கின் தூய வடிவமாக 1961இல் குவென்ரின் லோறன்ஸ் நெறிப்படுத்திய ‘காஷ் ஒன் டிமாண்ட்’ படத்தைக் கருதலாம். கதை முழுவதும் ஏறக்குறைய ஒரு சிறு நகர வங்கிக் கிளையின் நான்கு சுவர்களுக்குள்ளேயே நிகழ்கின்றது. பீற்றர் குஷிங் ஏற்ற முகாமையாளர் பாத்திரம் விதி தவறாதவர், இரக்கம் அறியாதவர். அற்பத் தவறொன்றைக் காட்டித் தலைமை எழுதுவினைஞரை வேலைநீக்கம் செய்வதாக வெருட்டுகின்றார். சற்று நேரத்தில் காப்புறுதிக் கழகப் பரிசோதகராக வேடமிட்ட ஒருவன் உள்ளே வருகின்றான். முகாமையாளரின் மனைவியும் பிள்ளையும் தன் கையாட்களிடம் இருப்பதாகக் கூறி, காப்பறையை அவர் கையாலேயே திறக்கச் செய்கின்றான். இறுதியில் அம்முகாமையாளர், தாம் காலையில் வெருட்டிய அதே எழுதுவினைஞரின் இரக்கத்தை வேண்டி நிற்கின்றார். ஒரு வங்கியைத் தாங்கி நிற்பது இரும்புக் கதவன்று, அதனுள்ளே வேலை செய்யும் மனிதர் ஒருவர் மீது மற்றவர் வைத்த நம்பிக்கையே என்னும் உண்மையை இப்படம் ஒரு துப்பாக்கி வேட்டுமின்றி நிறுவுகின்றது.

அண்மைக் காலத்தில், 2023இல், ஆர்ஜென்ரீனாவின் றொட்றிகோ மொறேனோ நெறிப்படுத்திய ‘லொஸ் டெலின்குவென்டெஸ்’ இக்கேள்வியைக் கூலியின் பக்கமிருந்து எழுப்புகின்றது. மொறான் என்னும் வங்கி ஊழியன் ஒரு கணக்குப் போடுகின்றான். ஓய்வுபெறும் வரை உழைத்தால் தனக்குக் கிடைக்கக்கூடிய சம்பளம் எவ்வளவோ அதன் இரு மடங்கை மட்டும் எடுக்கின்றான். ஒரு பங்கு தனக்கு. மற்றது பணத்தை மறைத்து வைக்கும் சக ஊழியனுக்கு. பின்னர் தானே சென்று சரணடைகின்றான். சில ஆண்டுச் சிறைவாசம் ஒருபுறம், இருபத்தைந்து ஆண்டு வங்கி வேலை மறுபுறம். இரண்டையும் தராசில் இட்டு முன்னதே இலகுவானது என அவன் முடிவு செய்கின்றான். அவனுடைய முடிவு சரியா என்பது வேறு விடயம். ஒரு மனிதனின் வாழ்நாள் உழைப்பு எத்தனை காசு பெறும் என்னும் வினாவை ஒரு கொள்ளைக் கதை எழுப்ப முடிகின்றது என்பதே இங்கு அவதானிக்கத்தக்கது.

தமிழ்த் திரையில் ஆரவாரப் போக்கே பெருவழக்கு. ஆயினும் 2023 தைப்பொங்கலையொட்டி வெளிவந்த எச். வினோத்தின் ‘துணிவு’, துப்பாக்கி முழக்கம் மிகுந்த படமாயினும், ஒரு புள்ளியில் இப்பிரிவை வந்து தொடுகின்றது. வங்கிக்குள் ஆயுதத்துடன் புகுந்தவன் எடுப்பதைக் காட்டிலும், வாடிக்கையாளரிடம் முதலீடு என்று கூறி மேசையிலிருந்து கொண்டே பெற்றது பெரிது என்பது அதன் உட்பொருள். கொள்ளை வாயிலால் உள்ளே வர வேண்டியதில்லை; உள்ளேயிருந்தே வெளியே செல்லலாம்.

2. நினைவில் நின்ற கொள்ளையும் நிற்காத கொள்ளையும்

இவ்விரு வகைகளும் திரைக்கு மட்டும் உரியனவல்ல. கண்டிப் பிரதேசத்தின் வரலாற்றிலும் இவை அடுத்தடுத்துக் காணக் கிடக்கின்றன.

உத்துவன்கந்தைச் சரதியேலின் பெயரை அறியாதார் இந்நாட்டில் இலர். மாவனல்லைக்கு அண்மையில் கொழும்பு - கண்டி வீதியை நோக்கி நிற்கும் குன்றைத் தளமாகக் கொண்டு வழிப்பறி செய்தவன் அவன். 1864 மார்ச் 21இல் அவனைப் பிடிக்க முயன்ற வேளையில் சபான் என்னும் பொலிஸ் உத்தியோகத்தர் உயிர்நீத்தார். கடமையின்போது உயிர்நீத்த முதற் பொலிஸ்காரராக அவர் நினைவுகூரப்படுகின்றார். சரதியேலும் அவனுடைய தோழன் மம்மலே மரிக்காரும் 1864 மே 7இல் கண்டியிலே தூக்கிலிடப்பட்டனர். செல்வரிடம் பறித்து ஏழைக்கு ஈந்தவன் என்னும் புகழுடன் சரதியேல் கதையாகவும் நாடகமாகவும் மக்கள் மத்தியில் இன்றும் வாழ்கின்றான்.

இதற்குச் சரியாக இருபது ஆண்டுகள் நிறைவதற்கு நான்கு நாட்கள் இருக்கையில், 1884 மே 3இல், ஒரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனம் தன் கதவுகளை மூடிற்று. எவரும் துப்பாக்கி ஏந்தவில்லை; எவரும் தூக்கிலிடப்படவில்லை. சரதியேல் தன் வாழ்நாள் முழுவதும் கொள்ளையடித்தாலும் எட்ட முடியாத தொகை அன்று ஒரே நாளில் ஐயத்துக்குள்ளாயிற்று. எனினும் இந்நாள் கதையாகவில்லை, நாடகமாகவில்லை. மலையக மக்களின் வாய்மொழி மரபைக் குறித்து நாம் பெருமையுடன் எழுதுகின்றோம். ஆனால் பாடப்புத்தகத்தில் இவ்வாண்டு ஒரு வரியாகவே எஞ்சியுள்ளது.

3. வங்கியும் கோப்பியும்

இவ்வங்கியின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறலாம். 1842இல் பம்பாயில் மேற்கிந்திய வங்கி என்ற பெயரில் தோன்றி, 1845இல் தலைமையகத்தை லண்டனுக்கு மாற்றிக்கொண்ட இந்நிறுவனம், இலங்கையில் 1841இல் ஆரம்பிக்கப்பட்டிருந்த முதலாவது ‘இலங்கை வங்கி’யை 1849இல் தன்னுடன் இணைத்தது. 1851இல் அரச பட்டயம் பெற்றது. இன்றுள்ள இலங்கை வங்கி 1939இல் நிறுவப்பட்ட வேறொரு நிறுவனம் என்பதை மாணவர் மனங்கொள்ளல் வேண்டும். ஒரியண்டல் வங்கி இலங்கையில் தன் சொந்த நோட்டுக்களை வெளியிட்டது. அக்காலத்தில் நோட்டு வெளியிடும் அதிகாரம் அரசாங்கத்திடம் இருக்கவில்லை. ஐந்து ரூபா நோட்டொன்றை வைத்திருந்தவர் உண்மையில் வைத்திருந்தது ஒரு தனியார் வங்கியின் வாக்குறுதியையேயாகும்.

அவ்வாக்குறுதிக்குப் பிணையாக நின்றது கோப்பி. கண்டியிலிருந்து வத்துகாமம் வழியே ஏறி, பன்வில, மடுல்கலை, கலபொக்கை என விரிந்து நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவுகளைத் தொடும் பிரதேசம் அன்று பேர்பெற்ற கோப்பி நிலங்களுள் ஒன்று. மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியே மாத்தளைக்குக் கால்நடையாக வந்த தமிழகத்துத் தொழிலாளர் காடு வெட்டி உருவாக்கிய நிலம் அது. 1867இல் கண்டிக்கும் 1880இல் மாத்தளைக்கும் புகையிரதப் பாதை வந்தது. 1870இல் இலங்கையின் கோப்பி ஏற்றுமதி பத்து இலட்சம் அந்தரை விஞ்சியிருந்தது. அறுவடை வருமுன்னரே தோட்டத்துக்குக் கடன் கொடுப்பதும், நிலத்தை ஈடாகப் பெறுவதும் வங்கிகளதும் முகவர் நிறுவனங்களதும் வழமையாயின.

1869இல் மடுல்சீமைத் தோட்டமொன்றில் கோப்பி இலையின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறப் பொடி போன்ற பூஞ்சணம் காணப்பட்டது. தொடக்கத்தில் அதனைப் பெரிதாகக் கருதினாரிலர். உலகச் சந்தையில் விலை உயர்ந்திருந்தமையால் விளைச்சற் குறைவை விலை மறைத்தது. நோய் பரவிய அதே பத்தாண்டிலேயே புதிய காடுகள் மேலும் அழிக்கப்பட்டன. 1878 அளவில் ஏறத்தாழ 275,000 ஏக்கர் நிலம் கோப்பியின் கீழ் இருந்தது. 1880இல் மார்ஷல் வாட் என்னும் தாவரவியலாளர் நோயை ஆராய வந்தபோது காலங் கடந்திருந்தது. பிறேசிலின் போட்டியால் விலையும் வீழ்ந்தது. வங்கியின் ஏடுகளில் சொத்தாக எழுதப்பட்டிருந்த தோட்டங்கள் வாங்குவாரற்ற காடுகளாயின. மொரீசியசின் சீனித் தோட்டங்களிலும் வங்கியின் பணம் இவ்வாறே முடங்கியிருந்தது.

இங்கே திரைப்படத்தின் வினா நமக்குத் துணைபுரிகின்றது. இதிலே கள்வன் யார்? பூஞ்சணமா? விலை வீழ்ச்சியா? இலாப மயக்கத்தில் கடனுக்கு மேற் கடன் கொடுத்த முகாமையாளரா? தனித்தனியே எடுத்து நோக்கின் ஒவ்வொருவரும் தத்தம் தொழிலை வழமைப்படி செய்தவராகவே தோன்றுவர். அமைதியான கொள்ளையின் இயல்பே இதுவாகும். கதவு உடைக்கப்படுவதில்லை, நாள்தோறும் முறையாகத் திறந்து மூடப்படுகின்றது. உள்ளே இருந்தது மட்டும் இல்லாமற் போகின்றது.

4. இரு காகிதங்கள்

வங்கி மூடப்பட்ட செய்தி பரவியதும் அன்றைய தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் துணிகரமான ஒரு முடிவை மேற்கொண்டார். ஒரியண்டல் வங்கியின் நோட்டுக்களுக்கு அரசாங்கம் பொறுப்பேற்கும் என்று லண்டனின் முன்னனுமதிக்குக் காத்திராது தம் பொறுப்பிலேயே அறிவித்தார். பீதி தணிந்தது. அவ்வாண்டிலேயே காகித நாணயக் கட்டளைச் சட்டம் நிறைவேற்றப்பட்டு, நோட்டு வெளியிடும் உரிமை அரசாங்கத்தைச் சார்ந்தது. நாம் இன்று கையாளும் நோட்டு அரசின் பொறுப்பை உடையதாயிருத்தல் அன்றைய நெருக்கடியின் விளைவெனலாம். கோர்டனின் செயல் பாராட்டுக்குரியது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் அன்று கோப்பித் தோட்டங்களில் வேறொரு கடனும் இருந்தது. அது தொழிலாளருக்குத் தோட்டம் கொடுக்க வேண்டியிருந்த கூலி. கோப்பி வீழ்ந்த ஆண்டுகளில் கூலி மாதக் கணக்கில் நிலுவையாய் நிற்பது வழமையாயிற்று. தோட்டம் அரிசி கொடுத்தது. அதன் விலையைக் கூலியிற் கழித்தது. எஞ்சியதை ஏட்டில் எழுதி வைத்தது. வங்கியிலே பணம் வைப்பவன் தான் வங்கிக்குக் கடன் கொடுப்பதை அறிவான்; அதற்கு வட்டியும் பெறுவான். பிரட்டுக்களத்திற் பெயர் கொடுத்து மலையேறிய தொழிலாளியோ, தான் துரைக்கும் தோட்டத்துக்கும் அவற்றுக்குப் பின்னால் நின்ற வங்கிக்கும் வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருப்பதை அறியான். அவனுடைய வைப்பு அவனுடைய உழைப்பே. அதற்கு நோட்டும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை.

சட்டம் இதனை அறவே பொருட்படுத்தாது விடவில்லை. கூலி நிலுவையைத் தோட்டச் சொத்தின் மீதான முதற் பொறுப்பாக்கும் சட்டம் அதே 1884ஆம் ஆண்டிலேயே வந்தது. 1889இற் பிறந்த மற்றொரு சட்டம், மாதம் முடிந்து அறுபது நாட்களுக்குள் கூலி கொடுக்கப்படல் வேண்டும் என்றது. இவை நன்மையான ஏற்பாடுகளே. ஆனால் எழுத்தறியாத தொழிலாளி, கங்காணியைக் கடந்து, கணக்கப்பிள்ளையைக் கடந்து, துரையைக் கடந்து நீதிமன்றத்தை அடைந்தால்தான் இவற்றின் பயன் அவனை வந்தடையும். அவன் கூலி கிடைக்காமல் அறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்கினாலோ, 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மூன்று மாதம் வரை சிறைவாசத்துக்கு உள்ளாகலாம். வாக்குறுதியை மீறிய வங்கி முறைப்படி கலைக்கப்பட்டது. வாக்குறுதியை மீறிய தொழிலாளி குற்றவாளியானான்.

இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுவது ‘துண்டு’ முறை. ஒரு தொழிலாளர் குழு வேறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பின், அக்குழுவின் கடன் தொகையைக் குறித்து, அதனைச் செலுத்துவோரிடம் அவர்களை விடுவிப்பதாக எழுதிக் கொடுக்கப்படும் தாளே துண்டு. கடன் கங்காணி வழியாகத் தொழிலாளர் தலையில் வந்து விழுந்தது. ஊரிலிருந்து வந்த வழிச்செலவும், அரிசியும், கம்பளியும் அக்கடனில் அடங்கின.

எனவே மலைநாட்டில் அன்று இருவகைக் காகிதங்கள் புழங்கின. ஒன்று வங்கி நோட்டு. அது வங்கி மற்றவருக்குப் பட்ட கடன். மற்றது துண்டு, அது தொழிலாளி பட்டதாக எழுதப்பட்ட கடன். முதலாவது காகிதம் செல்லாமற் போகும் நிலை வந்தபோது நாட்டின் தேசாதிபதி தம் பெயரால் அதற்கு உயிரளித்தார். இரண்டாவது காகிதமோ எவருடைய உதவியுமின்றியே கைக்குக் கை செல்லும் வலிமையுடன் நிலைத்தது. அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1921இலேதான். குறைந்தபட்சக் கூலிக்கு வழிசெய்யும் சட்டம் 1927 வரை காத்திருந்தது. காகிதத்துக்கு ஒரு சில நாட்களிற் கிடைத்த உத்தரவாதம் கூலிக்குக் கிடைக்க நாற்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகள் சென்றன. இக்கட்டுரை வற்புறுத்த விரும்பும் செய்தி இதுவேயாகும்.

5. பின்வந்தவை

வீழ்ந்த வங்கியின் இடத்தில் அதே 1884இல் புதிய ஒரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனம் எழுந்தது. அதுவும் பத்தாண்டு நிறையுமுன் மறைந்தது. கோப்பி நின்ற சரிவுகளில் தேயிலை படர்ந்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கரில் தொடங்கிய பயிர் நாட்டின் முதுகெலும்பாயிற்று. 1888இல் தோட்டத்துறையின் தேவைக்கென ஹட்டனில் ஒரு சிறு வங்கி தோன்றிற்று. அதுவே இன்றைய ஹட்டன் நஷனல் வங்கியின் மூலம்.

பாக்கு நீரிணைக்கு அப்பாலும் இக்கதை மீண்டும் நிகழ்ந்தது. 1906 அக்டோபரில் சென்னையின் ஆர்பத்நொட் நிறுவனம் முறிந்தது. அங்கு வங்கியின் தலைவர் சேர் ஜோர்ஜ் ஆர்பத்நொட் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுப் பதினெட்டு மாதக் கடுங்காவற் தண்டனை பெற்றார். அவ்வீழ்ச்சியின் படிப்பினையாக 1907இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோரின் முயற்சியால் இந்தியன் வங்கி எழுந்தது. இலங்கையில் 1934இன் வங்கி ஆணைக்குழுவும் 1939இன் இலங்கை வங்கியும் இதே தேவையின் வெளிப்பாடுகள். முறிந்த நம்பிக்கை ஒவ்வொன்றும் ஒரு புதிய நிறுவனத்தைத் தோற்றுவித்தது என்பது வங்கி வரலாற்றாசிரியர் கூறும் ஆறுதலான கூற்று. அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் முறிவுக்கும் நிறுவனத்துக்கும் இடைப்பட்ட காலத்தைப் பசியுடன் கடந்தவர் எவர் என்பதையும் வரலாறு எழுதுதல் வேண்டும்.

6. முடிவுரை

சரதியேலைப் பற்றிப் படம் எடுப்பது எளிது. குன்றும் குகையும் துப்பாக்கியும் தூக்குமேடையும் அவனுக்கு உண்டு. 1884ஐப் படமாக்க விழைபவருக்கு அவை எவையும் இல்லை. அவருக்குக் கிடைப்பவை ஒரு மேசை, ஒரு பெயரேடு, சம்பள நாள் என்று கூறி அழைக்கப்பட்டுப் பிரட்டுக்களத்திற் கூடிய மக்கள், அரிசிப் படியைக் கழித்து மெல்லிய குரலிற் கணக்கு வாசிக்கும் ஒருவர், தம் கையிலும் பணமில்லை என்பதைச் சொல்ல முடியாது நிற்கும் துரை ஆகியவையே. ஆயின் ‘காஷ் ஒன் டிமாண்ட்’ ஒரு சிறிய அலுவலக அறைக்குள் செய்து காட்டியதை இக்களத்திலும் செய்து காட்டலாம். இங்கு எவரும் முழுக் கொடியவரல்லர். ஒவ்வொருவரும் தமக்கு மேலுள்ளவரை நம்பியிருந்தனர். ஒவ்வொருவரும் தமக்குக் கீழுள்ளவர் மீது தம் இழப்பை இறக்கி வைத்தனர். கீழே எவரும் இல்லாதவர் மட்டுமே அதனை முழுமையாகச் சுமந்தனர்.

படம் எடுப்பது கலைஞர் பணி. மாணவராகிய நமக்குரிய பணி வேறு. மலையக வரலாற்றைப் போராட்டங்களின் வழியே மாத்திரம் எழுதும் பழக்கம் நம்மிடையே வலுத்துள்ளது. போராட்டங்கள் எழுதப்படத்தான் வேண்டும். அவற்றோடு சம்பள ஏடுகளும், அரிசிக் கணக்குகளும், துண்டுகளும், தோட்டங்கள் கைமாறிய உறுதிகளும் வாசிக்கப்படல் வேண்டும். பன்வில முதல் மடுல்கலை வரையுள்ள தோட்டங்களில் முதியோர் நினைவிற் தங்கியுள்ள செய்திகள் எழுத்திற் பதியப்படல் வேண்டும். ஓசையுடன் நிகழ்ந்தவற்றுக்குச் சாட்சிகள் தாமே முன்வருவர். ஓசையின்றி நிகழ்ந்தவற்றுக்கோ ஆய்வாளனே சென்று சாட்சி தேடுதல் வேண்டும்.

நாணயம் என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டென்று தொடங்கினோம். 1884இல் இந்நாட்டில் காசாகிய நாணயம் காப்பாற்றப்பட்டது. நேர்மையாகிய நாணயத்தின் கணக்கு இன்னும் தீர்க்கப்படவில்லை. கொடுக்க வேண்டியவர் எவர், பெற வேண்டியவர் எவர் என்பதைத் தெளிவுற எழுதி வைப்பது அக்கணக்கைத் தீர்ப்பதன் முதற்படியாகும்.